பனிக்காற்றில் பாடம்: காசநோய்க் குழந்தைகளின் திறந்தவெளிப் பள்ளிகள் உண்மையில் என்ன செய்தன?

நீங்கள் பார்த்தது ஓர் அமெரிக்கப் பள்ளியின் பழைய படம். சன்னல்கள் முழுக்கத் திறந்து கிடக்கின்றன. பிள்ளைகள் கம்பளிப் பைக்குள் மார்புவரை நுழைந்து, தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு எழுதுகிறார்கள். கீழே "மருந்தே இல்லாத காலத்தில் காசநோய்க் குழந்தைகளை இப்படித்தான் குணப்படுத்தினார்கள்" என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். இது உண்மையா, உண்மையென்றால் ஏன் கைவிட்டார்கள், நீங்கள் ஆசிரியராக இருக்கும் பள்ளியில் வகுப்புகளை மரத்தடிக்கு மாற்றினால் நல்லதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: வேலை செய்தது காற்றா, வேறு ஏதாவதா?

நான் குழந்தை மருத்துவன். குழந்தைகளின் காசநோயோடு பல வருடங்களாகப் புழங்குகிறேன். வரலாற்றாசிரியன் அல்ல, பழைய மருத்துவ அறிக்கைகளைப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளிகள் இருந்தன என்பது உறுதி. அங்கே போன பிள்ளைகளின் உடம்பு தேறியது என்பதும் ஏறக்குறைய உறுதி. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு இன்று நாம் காசநோய் என்று சொல்கிற நோய் இருக்கவில்லை. தேறியதற்குக் காரணம் காற்று என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. என் கணிப்பில் பெரிய பங்கு சாப்பாட்டுக்குத்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிப் பதில்.

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. கிருமி கிடைத்துவிட்டது, அதைக் கொல்லும் மருந்து கிடைக்க இன்னும் 60 வருடம் ஆனது. 1890இல் காக் கொண்டுவந்த டியூபர்குலின் மருந்தாகத் தோற்றுப்போனது (நோய்த்தொற்றைக் கண்டுபிடிக்கும் ஊசியாக மட்டும் இன்றுவரை பிழைத்திருக்கிறது). மருத்துவர்களின் கையில் மிஞ்சியது சானடோரியம்தான், அதாவது காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் இடம். 1850களிலேயே ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர் சைலீசிய மலைப்பகுதியில் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அப்புறம் டெட்வைலர் என்பவர் ஃபால்கன்ஸ்டைனில் நோயாளிகளைத் திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காகப் படுக்கவைத்தார். நல்ல காற்று, ஓய்வு, நிறையச் சாப்பாடு. காசநோய்க்கு இதுவே வைத்தியம் என்று ஐரோப்பா முழுவதும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளாமல் வேறு என்ன செய்ய முடியும்?

பெரியவர்கள் சானடோரியத்துக்குப் போகலாம். பிள்ளைகளை மாதக்கணக்கில் அனுப்பினால் படிப்பு போய்விடும். அனுப்பாமல் சாதாரண வகுப்பில் வைத்தாலோ, அந்த மெலிந்த, சோகை பிடித்த பிள்ளைகள் பாடத்தில் பின்தங்கிக்கொண்டே போனார்கள். இந்தச் சிக்கலைக் கையில் எடுத்த ஊர் சார்லட்டன்பர்க். இன்று அது பெர்லினின் ஒரு பகுதி, அன்று தனி நகரம், கையில் காசுள்ள நகரம். பெர்ன்ஹார்ட் பெண்டிக்ஸ் என்ற குழந்தை மருத்துவரும், ஹெர்மன் நாய்ஃபெர்ட் என்ற பள்ளி அதிகாரியும் முன்னால் நின்றார்கள். வைத்தியத்தையும் பாடத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்பதுதான் யோசனை. 1904 ஆகஸ்ட் 1 அன்று, ஊருக்கு வெளியே பைன் மரக்காட்டில், பிரித்துப் பூட்டக்கூடிய மரக் கொட்டகைகளோடு காட்டுப்பள்ளி ஒன்று திறந்தது. முதல் வருடம் மூன்று மாதம்தான் நடந்தது. நூற்றுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். பிரஷ்யாவில் (பெர்லின் அடங்கிய ஜெர்மன் அரசு) அப்போது வழக்கமில்லாதபடி ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள்.

அந்தப் பள்ளியின் ஒரு நாளை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கண் போவது பாடத்தின் பக்கம் அல்ல. பிள்ளைகள் காலையில் டிராமில் வந்து இறங்கியதும் சூப்பும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். பத்து மணிக்குப் பாலும் மறுபடி ரொட்டியும். பன்னிரண்டரைக்கு இறைச்சி, காய்கறி, உருளைக்கிழங்கோடு முழுச் சாப்பாடு. சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுக்கை. நாலு மணிக்குப் பால், ரொட்டி, ஜாம். மாலை ஆறேமுக்காலுக்கு மறுபடி சூப்பும் ரொட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடையில் பாடம் மொத்தமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. ஒரு பாடம் அரை மணிக்குள் முடியும், நடுவில் இடைவேளை, வகுப்புக்கு ஏறக்குறைய 20 பேர். அடிக்கடி எடை பார்த்துக் குறித்துவைத்தார்கள். சமையலையும் பரிமாறுவதையும் ஒரு பெண்கள் சங்கம் ஏற்றுக்கொண்டது. கொடுக்க முடிந்தவர்கள் காசு கொடுத்தார்கள், முடியாதவர்களுக்கு நகராட்சி கொடுத்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். தொழிலாளர் குடியிருப்பின் பின்கட்டில் ஓர் அறையில் ஐந்தாறு பேரோடு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம், ஓடிப்பிடித்து விளையாட ஒரு காடு, கவனித்துப் பார்க்க ஒரு நர்ஸ். பத்துச் சரக்கு போட்டுக் காய்ச்சிய கஷாயம் இது. அதில் ஒரே ஒரு சரக்கின் பெயரை எடுத்துப் 'திறந்தவெளிப் பள்ளி' என்று பலகை மாட்டிவிட்டார்கள். பின்னாளில் வந்தவர்கள் பலகையைப் பார்த்தே பலனைக் கணக்கிட்டார்கள்.

யோசனை வேகமாகப் பரவியது. 1907 கோடையில் லண்டன் நகராட்சி வூல்விச் பக்கம் போஸ்டல் வுட் என்ற மரத்தோப்பில் ஒரு பள்ளி நடத்தியது. இடத்தைக் கொடுத்தது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று. அதே வருடம் பிரான்ஸில் லியோன் நகரமும் இத்தாலியில் பதுவாவும் தொடங்கின. 1908இல் பிராட்ஃபோர்ட், ஹாலிஃபாக்ஸ், நார்விச். 1911இல் பர்மிங்காமில் சாக்லேட் குடும்பமான கேட்பரி வீட்டார் பணத்தில் உஃப்கல்ம் பள்ளி. இங்கிலாந்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் உடம்பு எவ்வளவு மோசம் என்று தெரிந்து அரசே அதிர்ந்துபோனது. 1906இல் பள்ளியில் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அனுமதி, 1907இல் பள்ளி மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. பரிசோதனை தொடங்கியதும் மெலிந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கண்ணில் பட்டார்கள், அவர்களை எங்காவது அனுப்ப வேண்டியிருந்தது. 1922இல் பாரிஸில் திறந்தவெளிப் பள்ளிகளுக்கென்றே ஓர் உலக மாநாடு கூடும் அளவுக்கு இது வளர்ந்தது.

உங்கள் படத்தின் கதை தொடங்குவது ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில். மேரி பாக்கர்ட், எலன் ஸ்டோன் என்ற இரண்டு பெண் மருத்துவர்களின் முயற்சியால் 1908 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் திறந்தவெளி வகுப்பு அங்கே ஆரம்பமானது. ஜனவரி என்றால் அந்த ஊரில் உறைபனி. பழைய செங்கல் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டு, மேலே கீல் வைத்துக் கப்பியால் தூக்கும் சன்னல்களைப் பொருத்தினார்கள். பிள்ளைகளுக்குக் கம்பளிப் பை, காலடியில் சுடவைத்த மாக்கல். ஜெர்மானியர்கள் கோடைக்காக யோசித்ததை அமெரிக்கர்கள் நடுக்குளிர்காலத்துக்கு இழுத்துப் போனதற்குக் காரணம், குளிர்ந்த காற்றே நல்ல காற்று என்று அங்கே வேரூன்றியிருந்த நம்பிக்கை. எட்வர்ட் ட்ரூடோ 1880களில் நியூயார்க் மாநிலத்தின் சரனாக் லேக்கில் தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதரவு. நியூயார்க் நகரத்திலோ ஆற்றில் நின்ற பழைய படகு ஒன்றையே வகுப்பாக்கினார்கள். பெல்வியூ மருத்துவமனையைச் சேர்ந்த அந்தப் படகில் பகல்நேரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் உண்மையாகவே காசநோயாளிகள்.

அந்தப் படகு விதிவிலக்கு என்பதைக் கவனியுங்கள். உங்கள் படத்தின் கீழே எழுதியவர் சறுக்கியது இங்கேதான். இருமிச் சளியில் கிருமி வெளியேறும் பிள்ளையைப் பெரும்பாலான திறந்தவெளிப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளவே இல்லை, அவர்களுக்குச் சானடோரியம் இருந்தது. பள்ளிக்கு வந்தவர்கள் சோகை பிடித்தவர்கள், கழுத்தில் நெறிகட்டியவர்கள், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தவர்கள், சும்மா ஒல்லியாக இருந்தவர்கள். இவர்களை எல்லாம் சேர்த்து 'காசநோய்க்கு முந்தைய நிலை' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்த நிலைக்குத் தெளிவான வரையறை கிடையாது. எக்ஸ்ரே பரவலாக இல்லை, டியூபர்குலின் தோல் சோதனை 1907, 1908இல்தான் வருகிறது, வந்த பிறகோ பெருநகரங்களின் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தோல் தடித்தது, அதாவது கிருமி உடம்புக்குள் எப்போதோ போயிருக்கிறது என்று காட்டியது. எல்லாருக்கும் தடித்தால் அந்தச் சோதனையை வைத்து யாரைப் பிரிப்பது?

இதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. தமிழ்நாட்டில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்ற பெயரைக் கேள்விப்படாத பெற்றோர் குறைவு. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, எடை ஏறவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது, கையில் ஊசி போட்டுப் பார்த்ததில் தடித்துவிட்டது, உடனே ஆறு மாதம் மாத்திரை என்று எழுதித் தந்த வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே காசநோய் இருந்திருக்கும், பலருக்கு வெறும் சத்துக்குறைவுதான். மாத்திரையோடு "முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள்" என்றும் சொல்லி அனுப்புவோம். ஆறு மாதம் கழித்துப் பிள்ளை தேறி வரும், பெயர் மாத்திரைக்குப் போகும். அன்றைக்கு அது காற்றுக்குப் போனது.

சரி, தேறினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அறிக்கைகள் எடை கூடியதைச் சொல்கின்றன, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறியதைச் சொல்கின்றன, பாடத்தில் பின்தங்காததைப் பெருமையாகச் சொல்கின்றன. பாதி நேரப் பாடத்திலேயே சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு சமமாக நின்றார்கள் என்பது பல ஊர் அறிக்கைகளில் வருகிறது, எனக்கு அது சுவாரசியமான செய்தி. ஆனால் ஒரே மாதிரிப் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அதே சாப்பாட்டையும் ஓய்வையும் மூடிய அறைக்குள் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அன்றைய மருத்துவத்திலேயே இல்லை. அதனால் பள்ளியின் பலன் எவ்வளவு, வளர்கிற வயதின் பலன் எவ்வளவு என்று அந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது.

வயது என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல. மருந்து இல்லாத காலத்துப் பதிவுகளைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் திரட்டி 2004இல் வெளியிட்டார்கள். கிருமி தொற்றிய குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டது என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயாக மாறும். ஐந்து வயது முதல் பத்து வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் மாறும். பத்தைத் தாண்டிப் பருவ வயது வரும்போது அது மறுபடி நூற்றுக்குப் பத்து, இருபது என்று ஏறுகிறது. மனித வாழ்க்கையில் காசநோய் மிகக் குறைவாகத் தாக்கும் காலம் ஆரம்பப் பள்ளி வயது. திறந்தவெளிப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டதும் பெரும்பாலும் அந்த வயதுப் பிள்ளைகளைத்தான். காட்டில் உட்காரவைத்தாலும், வீட்டில் உட்காரவைத்தாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயாளி ஆகியிருக்க மாட்டார்கள். இதை அந்தக் கால மருத்துவர்கள் கவனிக்கத் தவறியதில் வியப்பில்லை. அவர்கள் கண்முன் தெரிந்தது, நம் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் யாருக்கும் நோய் முற்றவில்லை என்ற நல்ல செய்தி.

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. சின்னப் பிள்ளையின் காசநோயில் கிருமி எண்ணிக்கை குறைவு, இருமி வெளியே தள்ளும் வலுவும் குறைவு. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை மற்றப் பிள்ளைக்குத் தொற்றவைப்பது அபூர்வம். பிள்ளைக்கு நோய் வருவது அப்பாவிடமிருந்தோ, பாட்டியிடமிருந்தோ, ஒரே அறையில் படுக்கும் வேறு பெரியவரிடமிருந்தோதான். அப்படியென்றால் பகலெல்லாம் காட்டுக்காற்றில் வைத்திருந்து, ஐந்து வேளை ஊட்டி, மாலை ஏழு மணிக்கு டிராம் ஏற்றி எங்கே அனுப்பினார்கள்? அதே அறைக்கு.

இதைப் பார்த்துவிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் கிராஞ்செர். அவர் 1903இல் தொடங்கிய அமைப்பு, காசநோய் உள்ள பெற்றோரிடமிருந்து இன்னும் நோய் வராத பிள்ளைகளை எடுத்து நாட்டுப்புறக் குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்தது. அமெரிக்காவில் 1909இல் நியூஜெர்சியில் இதே நோக்கத்தோடு ஒரு விடுதி வந்தது. நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அங்கே கொண்டுபோனார்கள். மருத்துவக் கணக்குப்படி இது பகல்நேரப் பள்ளியைவிடச் சரியான யோசனை. ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து மாதக்கணக்கில் பிரிப்பது என்றால் என்ன என்று அந்த அறிக்கைகளில் பக்கம் பக்கமாகத் தேடினாலும் ஒரு வரி கிடைப்பது அரிது. வேல்ஸில் கிரேக்-இ-நாஸ் என்ற குழந்தைகள் சானடோரியம் 1922 முதல் 1959 வரை நடந்தது. அங்கே இருந்தவர்கள் முதுமையில் சொன்ன நினைவுகள் பதிவாகியிருக்கின்றன: மாதத்துக்கு ஒருமுறைதான் பெற்றோர் வரலாம், எழுந்து ஓடாமல் இருக்கக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள், திறந்த மாடத்தில் போர்வைமேல் பனி விழுந்துகிடக்கும். உங்கள் படத்தில் சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இதையும் படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். படம் எடுக்க ஆள் வரும் நாளில் எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் சிரித்தபடிதான் உட்காருவார்கள்.

பாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பிள்ளைகளின் கழுத்து நெறிக்கட்டி, எலும்பு, மூட்டுக் காசநோயில் கணிசமான பங்கு மாட்டுக் காசநோய்க் கிருமியால் வந்தது, காய்ச்சாத பால் வழியாக. மாட்டுக் கிருமியால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901இல் லண்டன் மாநாட்டில் பேசியவர் காக்கேதான். பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவைப் போட்டது, அது பத்து வருடம் ஆராய்ந்து 1911இல் அவர் சொன்னது தவறு என்று முடித்தது. ஆகவே கழுத்தில் நெறிகட்டிய பிள்ளையைக் காற்றில் உட்காரவைத்துப் பால் ஊட்டிய காட்சியில், நோய் வந்த வழியும் வைத்தியமும் ஒரே குவளையில் இருந்திருக்கச் சாத்தியம் உண்டு. பால் பாஸ்சரைஸ் ஆகி (சூடாக்கிக் கிருமி நீக்கி) வரத் தொடங்கிய பிறகு அந்த வகைக் காசநோய் ஐரோப்பாவில் மறைந்ததில் எந்தக் காற்றுக்கும் பங்கில்லை. நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சும் வழக்கம் அந்த ஆபத்தை எப்போதோ குறைத்துவிட்டது.

இனி அந்தக் கஷாயத்தின் சரக்குகளைத் தனித்தனியாக எடுத்து, இன்றைக்கு எதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்க்கலாம். காற்றோட்டம் நோயைக் குணப்படுத்துவதற்கு ஆதாரம் இல்லை, பரவாமல் தடுப்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. 1950களின் கடைசியில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் அவர் குழுவும் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளைத் தொடாத, பார்க்காத அந்தப் பிராணிகளுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புறஊதா விளக்கு வழியாகச் செலுத்தியபோது தொற்றவில்லை. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் செய்து 2007இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. சன்னலையும் கதவையும் திறந்தால் அறையின் காற்று ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளில் 12 முறை. எல்லாவற்றையும் மூடினால் ஒன்றரை முறைகூடத் தாண்டவில்லை. உயரமான கூரையும் பெரிய சன்னலும் வைத்த பழைய கட்டடங்கள் புதியவற்றைத் தோற்கடித்தன.

வெயில் விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஆகஸ்ட் ரோலியே 1903 முதல் வெயில் வைத்தியம் செய்தார். இடுப்புத் துணி மட்டும் கட்டிய பிள்ளைகள் முதுகில் மடக்கு மேசையைச் சுமந்துகொண்டு பனிமலையில் வகுப்புக்குப் போகும் படங்கள் அவருடைய பள்ளியில் எடுத்தவை. எலும்பு, மூட்டுக் காசநோயில் அவர் கண்ட பலனை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். வெயிலால் உடம்பில் சேரும் வைட்டமின் டி, கிருமியை எதிர்க்கும் அணுக்களுக்கு உதவுவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி. ஆனால் மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. தொற்று குறையவில்லை, நோயும் குறையவில்லை. வைட்டமின் குறைவாக இருந்த பிள்ளைகளிடம் செய்தும் இந்த முடிவு என்பதால், வெயிலின் பேரில் பெரிய நம்பிக்கை வைக்க நான் தயாராக இல்லை.

ஓய்வுக்கும் சானடோரியத்துக்கும் தீர்ப்பு எழுதிய ஊர் நம் சென்னைதான். 1956இல் இங்கே அமைந்த காசநோய் மருந்து ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், சரியான சாப்பாடு இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். சானடோரியத்தில் காற்று, படுக்கை, நல்ல சாப்பாடு எல்லாம் கிடைத்தது. எடை கூடியது சானடோரியக்காரர்களுக்குத்தான். நோய் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் இது வெளியான பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. தாம்பரம் பக்கம் சானடோரியம் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குக் காரணமான இடத்தை 1928இல் தொடங்கிய டேவிட் சவரிமுத்து, இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் திறந்தவெளிச் சிகிச்சை நடத்திவிட்டு வந்தவர். அந்தக் காற்று வைத்தியத்தை ஓய்வுக்கு அனுப்பிய ஆய்வு அதே சென்னையில் நடந்தது.

சென்னை ஆய்வைத் தப்பாகப் படிப்பவர்கள் உண்டு, "சாப்பாடு முக்கியமில்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று. அது சொன்னது, சரியான மருந்தைச் சாப்பிடும் நோயாளி குணமாக விசேஷ உணவு அவசியமில்லை என்பது மட்டும். நோயே வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்கு உறுதியான பதில் 2023இல்தான் கிடைத்தது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளைத் தேர்ந்து, ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளியோடு வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, சத்துமாத்திரை என்று மாதாமாதம் கொடுத்தார்கள். மொத்தம் 10,000 பேருக்கு மேல் கண்காணிப்பில் இருந்தார்கள். உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசியில் இந்த அளவு பலன் வந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும். சார்லட்டன்பர்க் பிள்ளைகளின் ஐந்து வேளைச் சாப்பாட்டைப் பற்றி நான் முதலில் சொன்ன கணிப்பு இந்த ஆய்வின் பலத்தில்தான் நிற்கிறது. ஜார்க்கண்டை 1904ஆம் வருடத்து ஜெர்மனிக்குப் பொருத்துவது என் ஊகம்தான், நிரூபணம் ஆகாது.

ஏன் கைவிட்டார்கள் என்ற இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோனியசிட் என்ற காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்துகள், பள்ளிகளில் பி.சி.ஜி. தடுப்பூசி, பாஸ்சரைஸ் செய்த பால், போருக்குப் பிறகு கட்டிய நல்ல வீடுகள் எல்லாம் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் வந்து சேர்ந்தன. பள்ளிகள் உடனே மூடவில்லை. பிரிட்டனில் பல பள்ளிகள் காசநோய்ப் பலகையை இறக்கிவிட்டு, ஆஸ்துமா பிள்ளைகளையும் மற்ற நோஞ்சான் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இன்னும் சில காலம் ஓடின. அதற்கு முன்பே கட்டடக் கலைஞர்கள் இந்த யோசனையைத் தங்களுடையதாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் யோஹான்னஸ் டௌகர் 1930இல் முடித்த கண்ணாடிப் பள்ளி நலமான பிள்ளைகளுக்கென்றே கட்டியது. வைரத் தொழிலாளர் சங்கத்துக்காக ஹில்வெர்சுமில் காசநோய்ச் சானடோரியம் கட்டியவரும் அவர்தான். பாரிஸ் பக்கத்துச் சுரேன் நகரில் 1930களின் நடுவில் எழுந்த பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று சுவர்கள் மடக்கித் திறக்கும் கண்ணாடி. இன்று அது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். சாதாரணப் பள்ளிகளில் நாம் பார்க்கும் பெரிய சன்னல், எதிரெதிர்க் காற்றோட்டம் போன்றவற்றில் இந்த இயக்கத்தின் கை உண்டு. சாந்திநிகேதனின் மரத்தடி வகுப்பை இதோடு சேர்க்க வேண்டாம், 1901இல் தாகூர் தொடங்கியபோது மனதில் இருந்தது வேறு, காசநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது கேள்வி, உங்கள் பள்ளி. மரத்தடியில் வகுப்பு நடத்தினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நடத்துங்கள், ஆனால் மே மாத வெயிலில் வேண்டாம். அதைக் காசநோய்த் தடுப்பு என்று நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. அறைக்குள் இருக்கும்போது இரண்டு பக்கச் சன்னலையும் திறந்துவையுங்கள். சன்னலுக்கு முன்னால் அலமாரியை நிறுத்தி அடைத்திருந்தால் நகர்த்துங்கள். பள்ளிக்கு ஏ.சி. வகுப்பறை பெருமை என்று நிர்வாகம் சொன்னால் லிமா கணக்கை அவர்களுக்குக் காட்டுங்கள். காசநோய் என்று உறுதியாகி மருந்து தொடங்கிய சின்னப் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்காதீர்கள், மருத்துவர் வரலாம் என்று சொன்னால் மற்றவர்களோடு உட்காரட்டும். அந்தப் பிள்ளையால் வகுப்புக்கு வரும் ஆபத்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டு விடுப்பு எடுக்காமல் வரும் ஆசிரியராலோ சமையலராலோ வரும் ஆபத்தைவிட மிகக் குறைவு. அப்படி யாராவது இருந்தால் அரசு மருத்துவமனையில் சளி பரிசோதனைக்கு அனுப்புங்கள், காசு கிடையாது. ஒரு பிள்ளையின் வீட்டில் பெரியவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை தருவார்கள், அதுவும் இலவசம். காலை உணவும் மதிய உணவும் முட்டையும் உங்கள் பள்ளியில் ஒழுங்காகக் கிடைக்கிறதா, மெலிந்த பிள்ளை இரண்டாம் முறை கேட்டால் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் மாதம் ஒருமுறை ஏற்றி நிறுத்தி எழுதிவையுங்கள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து எடை ஏறாத பிள்ளையை, குறிப்பாக எடை இறங்கிக்கொண்டே வரும் பிள்ளையை, அந்தக் கணக்கோடு மருத்துவரிடம் அனுப்புங்கள்.